ஹான்ஸ் பைம்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஃபிராங்கோ, குண்டுவீச்சில் அழிந்த குவெர்னிகா, சர்வதேசப் படையணி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாராவது ஒருவர் இந்த மனிதரிடம் வந்து நிற்பார். “காவலாளியின் கழுத்தை நெரித்தவர்தானே?”, “சொந்தக் கட்சிக்காரர்களே சுட்டுவிட்டார்களாமே?” என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யார் சார் இந்த பைம்லர்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

மியூனிக்கில் 1895 ஜூலை 2 அன்று பிறந்த ஒரு ஃபிட்டர். ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் பவேரியத் தலைவர்களில் ஒருவரானார், ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த சில மாதங்களிலேயே டாஹவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பினார். 1936இல் ஸ்பெயினுக்குப் போய்க் குடியரசின் பக்கம் நின்று சண்டையிட்டு, அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மாட்ரிட்டில் குண்டடிபட்டு இறந்தார். அப்போது வயது 41.

ஸ்பெயினில் யாருக்கும் யாருக்கும் சண்டை? அதை முதலில் சொல்லுங்கள்.

1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளும் குடியரசுவாதிகளும் சேர்ந்த மக்கள் முன்னணி ஜெயித்தது. ஜூலை 17, 18 தேதிகளில் ராணுவத் தளபதிகள் கலகம் செய்தார்கள். இரண்டே நாளில் முடிந்துவிடும் என்று அவர்கள் போட்ட கணக்கு தப்பியது. மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்திக் கலகத்தை அடக்கிவிட்டார்கள். நாடு இரண்டாகப் பிளந்தது. சண்டை 1939 ஏப்ரல் 1 வரை இழுத்து, கலகத்துக்குத் தலைமை ஏற்ற ஃபிராங்கோவின் வெற்றியில் முடிந்தது.

வெளிநாட்டுக் கை முதல் வாரத்திலிருந்தே இருந்தது. மொராக்கோவில் சிக்கிக்கொண்டிருந்த ஃபிராங்கோவின் படையை ஜலசந்தி தாண்டிக் கொண்டுவந்து சேர்த்ததில் ஹிட்லர் அனுப்பிய ஜுங்கர்ஸ் விமானங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. முசோலினியும் ஆளும் ஆயுதமும் அனுப்பினார். பிரிட்டனும் பிரான்சும் ‘தலையிடாமை’ என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றன. குடியரசுக்கு ஆயுதம் கொடுத்த பெரிய நாடு சோவியத் யூனியன்தான். அதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. ஸ்பெயின் தன் கஜானாவிலிருந்து 500 டன்னுக்கு மேல் தங்கத்தை மாஸ்கோவுக்குக் கப்பலேற்றியது.

அவர் ஜெர்மன்காரர். அந்நிய நாட்டுச் சண்டையில் அவருக்கு என்ன வேலை?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். 1933க்குப் பிறகு ஜெர்மனியில் கம்யூனிஸ்டுகளுக்கு இரண்டே இடம்: சிறை, அல்லது எல்லைக்கு அப்பால். அப்பால் போனவர்கள் பிராக், பாரிஸ், சூரிச் என்று வேலை செய்ய அனுமதியில்லாமல், பல பேர் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்கூட இல்லாமல், நன்கொடையில் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். ஊரில் தோற்றுவிட்டோம், ஒரு அடிகூடத் திருப்பிக் கொடுக்காமல் தோற்றுவிட்டோம் என்ற உறுத்தல் அவர்களுக்கு இருந்தது. ஸ்பெயினில் எதிரே நின்ற படைக்குத் துணை நின்றது அதே ஹிட்லர். கையில் துப்பாக்கியோடு அவனை எதிர்க்கக் கிடைத்த முதல் வாய்ப்பு என்றுதான் அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

சிலர் போக வேண்டிய தேவைகூட இல்லை, ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பெர்லின் ஒலிம்பிக்குக்கு எதிர்ப்பாகப் பார்சிலோனாவில் ‘மக்கள் ஒலிம்பிக்’ 1936 ஜூலை 19 அன்று தொடங்குவதாக இருந்தது. கலகம் வெடித்ததால் போட்டி நடக்கவேயில்லை. வந்திருந்த விளையாட்டு வீரர்களில் சிலர் ஊர் திரும்பாமல் போராளிக் குழுக்களில் சேர்ந்துகொண்டார்கள்.

போர் முடியும்வரை 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் சர்வதேசப் படையணிகளில் சேர்ந்தார்கள். ஜெர்மானியர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் 3,000க்கும் 5,000க்கும் நடுவே வேறுபடுகின்றன. பெரும்பான்மை கம்யூனிஸ்டுகள். சோஷலிஸ்டுகளும் கட்சி சாராத யூதர்களும் உண்டு. அரசு என்பதே வேண்டாம் என்ற அராஜகவாதிகளுடன் சேர்ந்து தனியாகச் சண்டையிட்ட ஜெர்மானியர்களும் இருந்தார்கள்.

சின்ன வயதிலேயே கம்யூனிஸ்டா?

இல்லை. வால்ட்டூர்ன் என்ற கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, பட்டறையில் தொழில் கற்றவர். முதல் உலகப்போரில் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் வேலை. 1918 நவம்பரில் மாலுமிகள் கலகம் செய்தபோது அவரும் அதில் இருந்தார். ஊர் திரும்பியதும் 1919இல் மியூனிக் சோவியத் குடியரசு என்ற சில வார ஆட்சியின் செம்படையில் சேர்ந்தார். கட்சி வாழ்க்கை அங்கேதான் ஆரம்பம்.

1921இல் மத்திய ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி நடந்தது. அதை அடக்கப் படை போகாமல் தடுக்க ஒரு ரயில் பாலத்தைத் தகர்க்கும் முயற்சியில் சேர்ந்ததற்காக இரண்டு ஆண்டு சிறை. வெளியே வந்து எஞ்சின் தொழிற்சாலையில் வேலை, தொழிற்சங்கம், கட்சிப் பொறுப்பு என்று படிப்படியாக மேலே வந்தார். 1932இல் முதலில் பவேரிய சட்டமன்றம், பிறகு ரைக்ஸ்டாக்.

“டாஹவில் சந்திப்போம்” என்று மேடையிலேயே சொன்னாராமே? முன்கூட்டியே தெரிந்துவிட்டதா?

சொன்னது உண்மை. 1933 பிப்ரவரி 12, மியூனிக்கின் சர்க்கஸ் குரோனே அரங்கம். ஹிட்லர் பிரதமராகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தின் முடிவில் அப்படித்தான் முழங்கினார்.

ஆனால் அன்று டாஹவில் முகாம் கிடையாது. அது திறந்தது மார்ச் 22 அன்று. பைம்லர் சொன்ன டாஹவ் வேறு: 1919 ஏப்ரலில் செம்படை அரசுப் படையை விரட்டியடித்த ஊர். “அங்கே ஜெயித்தோம், மறுபடியும் ஜெயிப்போம்” என்று சவால் விட்டார். ஆறு வாரத்தில் நாஜிகள் அதே ஊரின் கைவிடப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையில் முகாம் போட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பேச்சு நன்றாக நினைவிருந்தது. அவர் பிடிபட்டபோது அதைச் சொல்லியே அடித்தார்கள்.

டாஹவில் என்ன நடந்தது?

1933 ஏப்ரல் 11 அன்று கைது. முதல் இரண்டு வாரம் மியூனிக் போலீஸ் தலைமையகத்தில். ரப்பர் தடி அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் 25 அன்று டாஹவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் முகாம் பவேரியப் போலீசிடமிருந்து எஸ்எஸ் என்ற நாஜிக் கட்சிப் படையின் கைக்கு மாறியிருந்தது. மாறிய மறுநாளே நான்கு யூதக் கைதிகளைச் சுட்டார்கள். “தப்பி ஓடப் பார்த்தார்கள்” என்று பதிவானது.

பைம்லரை மற்றவர்களோடு வைக்கவில்லை. இருட்டான தனி அறையில் அடைத்து இரவு பகலாக அடித்தார்கள். முகாம் தலைவன் ஹில்மார் வெக்கர்லேவுக்கு அவர் சாக வேண்டும், ஆனால் அது தற்கொலையாகத் தெரிய வேண்டும். கயிற்றைக் கொடுத்தார்கள், கத்தியைக் கொடுத்தார்கள், சுருக்கு எப்படிப் போடுவது என்றும் காட்டிக் கொடுத்தார்கள், கெடு வைத்தார்கள். பக்கத்து அறையில் இருந்தவர் ஃபிரிட்ஸ் டிரெஸல், பவேரிய சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவர், பைம்லருக்கு நெருங்கிய தோழர். மே 7 அன்று டிரெஸல் மணிக்கட்டு அறுபட்டுக் கிடந்தார். அந்த உடலைப் பைம்லருக்குக் காட்டினார்கள். அடுத்தது நீ என்பதை வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மே 8 இரவு, விடிந்தால் 9, அவர் தப்பினார். அந்த மே மாதச் சாவுகளில் சிலவற்றை மியூனிக் அரசு வழக்கறிஞர்கள் கொலை வழக்காகவே எடுத்து விசாரித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கு அமுக்கப்பட்டது. வெக்கர்லே மட்டும் மாற்றப்பட்டு அவன் இடத்துக்குத் தியோடர் ஐக்க வந்தான். கண்டபடி நடந்த வதையை விதிமுறையாக எழுதி, பிற்கால முகாம்கள் எல்லாவற்றுக்கும் மாதிரி ஆக்கியவன் இவன்தான்.

காவலாளியைக் கழுத்தை நெரித்துக் கொன்று, அவன் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே வெளியே வந்தார் என்று படித்தேனே?

நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன். வெறும் கதை. அவர் அறையின் உயரமான சிறு ஜன்னல் வழியாக வெளியேறி, முள்கம்பி வேலியையும் சுற்றுச்சுவரையும் தாண்டிப் போனார். காவலாளி எவனும் அன்று சாகவில்லை. செத்திருந்தால் நாஜிப் பத்திரிகைகள் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருக்கும்.

எனக்கு அந்தக் கட்டுக்கதையைவிட நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. இரண்டு வாரம் அடிபட்டு வீங்கிய உடம்பைச் சின்ன ஜன்னலில் நுழைத்து, சத்தமில்லாமல் கம்பியைத் தாண்டுவது சினிமாச் சண்டையைவிடக் கஷ்டம்.

தப்பிய பிறகு புத்தகம் எழுதினார் என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

சில வாரங்கள் மியூனிக்கிலேயே தோழர்கள் வீட்டில் ஒளிந்திருந்து, பெர்லின் வழியாக பிராக் போய், அங்கிருந்து மாஸ்கோ சேர்ந்தார். ஆகஸ்டிலேயே, அதாவது தப்பி மூன்று மாதத்துக்குள், அவருடைய சிறு புத்தகம் வெளிவந்துவிட்டது. நாஜி வதைமுகாமுக்குள் இருந்து வெளியே வந்த ஒருவர் எழுதிய முதல் சாட்சியங்களில் ஒன்று. பல மொழிகளில் வெளியானது. தலைப்பில் ‘நான்கு வாரம்’ என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் டாஹவில் நான்கு வாரம் இருந்தார் என்று எழுதுகிறார்கள். மேலே சொன்ன தேதிகளைக் கூட்டிப் பாருங்கள்: போலீஸ் காவலில் இரண்டு வாரம், டாஹவில் இரண்டு வாரம்.

“முகாம்களில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது” என்று 1945இல் பல பேர் சொன்னார்கள். அடித்தவர்களின் பெயரோடும் செத்தவர்களின் பெயரோடும் 1933இலேயே அச்சில் வந்துவிட்டது என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

மனைவி, பிள்ளைகள்? அவர்களை விட்டுவிட்டா ஓடினார்?

இதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அவர் தப்பியபோது மனைவி வெளியே இல்லை. சென்டா பைம்லரும் கம்யூனிஸ்ட். ஏப்ரல் 21 அன்றே, அதாவது கணவர் டாஹவுக்குப் போவதற்கு முன்பே, கைதாகிவிட்டார். கணவர் தப்பியதும் அவர் பணயக்கைதி மாதிரி ஆகிவிட்டார். மியூனிக்கின் ஷ்டாடல்ஹைம் சிறை, பிறகு மோரிங்கன் பெண்கள் முகாம் என்று நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக உள்ளே இருந்தார். கணவர் செத்த செய்தி மோரிங்கனில்தான் அவருக்குக் கிடைத்தது. 1937 தொடக்கத்தில், அதாவது பிடித்து வைக்கக் காரணமான ஆளே இல்லாமல் போன பிறகு, விடுவித்தார்கள். 2000ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்களின் சங்கத்தில் கடைசிவரை வேலை செய்தார்.

பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பெண், ஒரு பையன். முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள். அந்த அம்மா 1928இல் இறந்துவிட்டார். பிள்ளைகளைப் பிறகு சோவியத் யூனியனுக்கு அழைத்துப் போனார்கள், பாதுகாப்புக்காக. அந்தப் பாதுகாப்பு எப்படி இருந்தது தெரியுமா? 1938இல், அப்பா ‘மாட்ரிட்டின் வீரன்’ என்று உலகம் முழுக்கப் புகழப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சோவியத் ரகசியப் போலீஸ் பையனைப் பிடித்தது. மாஸ்கோவில் ‘ஹிட்லர் இளைஞர் அமைப்பு’ நடத்தினார்கள் என்று புலம்பெயர்ந்த ஜெர்மன் கம்யூனிஸ்டுகளின் பிள்ளைகள்மீது போட்ட பொய் வழக்கு அது. அந்த வழக்கில் பல பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பைம்லர் மகன் பிழைத்து வெளியே வந்தார்.

ஸ்பெயினுக்கு எப்போது போனார்? சர்வதேசப் படையணியோடா?

அதற்கு முன்பே. 1936 ஆகஸ்ட் தொடக்கத்தில் கட்சியின் பிரதிநிதியாகப் பார்சிலோனா வந்து சேர்ந்தார். சர்வதேசப் படையணிகள் அமைக்கப்பட்டது அக்டோபரில்தான், ஆல்பசெட்டே நகரத்தில். அதற்கு முன் வந்த வெளிநாட்டவர்கள் ஆளுக்கொரு போராளிக் குழுவில் சேர்ந்தார்கள். ஜெர்மானியர்கள் சேர்ந்து அமைத்த குழு தேல்மன் செஞ்சூரியா, நூறு பேர் கொண்ட பிரிவு. எர்ன்ஸ்ட் தேல்மன் அப்போது ஹிட்லர் சிறையில் இருந்த ஜெர்மன் கட்சித் தலைவர். இந்தப் பிரிவு அரகோன் போர்முனையில் தார்தியெந்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் சண்டையிட்டது. அக்டோபரில் அங்கே பலத்த இழப்பு.

கமிஸார் என்றால் என்ன? துப்பாக்கி பிடித்தாரா, பேச்சு மட்டும்தானா?

தளபதி சண்டையை நடத்துவார். கமிஸார் ஆட்களைப் பார்த்துக்கொள்வார். சோறு வந்ததா, காலணி இருக்கிறதா, கடிதம் வந்ததா, எதற்காக இந்த மலையைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்ததா, இதெல்லாம் அவர் பாடு. கட்சிக்குக் கண்ணாகவும் காதாகவும் இருப்பதும் அதில் சேர்த்திதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பைம்லர் பதினொன்றாவது படையணியின் ஜெர்மன் பட்டாலியன்களுக்குக் கமிஸார். பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடும் வேலை இல்லை என்பதற்கு அவர் செத்த இடமே போதும்.

சர்வதேசப் படைதான் மாட்ரிட்டைக் காப்பாற்றியதா?

இல்லை. காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் மாட்ரிட்காரர்கள். 1936 நவம்பர் 6 அன்று அரசாங்கமே வாலென்சியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டது. ஊரை ஜெனரல் மியாஹா கையில் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டே நாளில், நவம்பர் 8 அன்று, பதினொன்றாவது படையணி அணிவகுத்து நகரத்துக்குள் நுழைந்தது. இரண்டாயிரம் பேர்கூட இல்லை. எட்கர் ஆந்த்ரே என்ற ஜெர்மன் பட்டாலியன், ஒரு பிரெஞ்சு பட்டாலியன், ஒரு போலந்து பட்டாலியன். எட்கர் ஆந்த்ரே ஹாம்பர்க் கம்யூனிஸ்ட். அந்தப் பட்டாலியன் மாட்ரிட்டுக்குள் நுழைவதற்கு நான்கு நாள் முன்புதான் நாஜிகள் அவர் தலையை வெட்டியிருந்தார்கள். இந்த ஆட்களின் வரவு ஊருக்குத் தெம்பு கொடுத்தது, போன இடத்தில் அசையாமல் நின்றார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுவே பெரிய விஷயம்.

நவம்பர் 15 அன்று ஃபிராங்கோவின் படை மான்சனாரெஸ் ஆற்றைத் தாண்டிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்தது. புதிதாகக் கட்டி முடித்தும் முடிக்காமலும் இருந்த கட்டடங்கள். ஒரு கட்டடம் இவர்கள் கையில், அடுத்தது அவர்கள் கையில். சில இடங்களில் கீழ்த்தளம் ஒருவரிடம், மேல்தளம் இன்னொருவரிடம். தத்துவத்துறைக் கட்டடத்தில் மணல் மூட்டைக்குப் பதில் நூலகத்துப் புத்தகங்களை ஜன்னல்களில் அடுக்கினார்கள். தடித்த தொகுதியாகப் பார்த்து எடுத்தார்கள், ஏனென்றால் ஒல்லிப் புத்தகத்தைக் குண்டு துளைத்துக்கொண்டு வந்துவிடும். தலைக்கு மேலே ஜெர்மன் விமானங்கள். ஹிட்லர் அனுப்பிய காண்டார் லீஜியன் அந்த மாதம்தான் அமைக்கப்பட்டிருந்தது. கீழே ஜெர்மன், மேலேயும் ஜெர்மன்.

சரி, எப்படி இறந்தார்?

டிசம்பர் 1. அதே பல்கலைக்கழகப் பகுதி, மொன்க்லோவா பக்கம். பைம்லரும், லூயி ஷூஸ்டர் என்ற புனைபெயரில் இருந்த ஃபிரான்ஸ் ஃபேலோ என்ற இன்னொரு கமிஸாரும், பட்டாலியன் தளபதி ரிச்சர்ட் ஷ்டைமரும் முன்வரிசை நிலைகளைப் பார்க்கப் போனார்கள். எதிரியின் பார்வைக்குத் திறந்திருந்த இடத்தில் சுடப்பட்டார்கள். பைம்லரும் ஷூஸ்டரும் செத்தார்கள். ஷ்டைமர் பிழைத்தார்.

உடலை மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா வரை கொண்டுபோனார்கள். வழி நெடுக ஊர் ஊராக ஜனம் கூடியது. மொன்யுயிக் கல்லறையில் அடக்கம்.

அவரைச் சுட்டது ஸ்டாலின் ஆட்களாமே? மறைத்துவிட்டீர்களே.

மறைக்கவில்லை, இங்கேதான் சொல்ல வேண்டும் என்று விட்டு வைத்தேன். பைம்லர் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் ஆன்டோனியா ஷ்டெர்ன் என்ற பெண்ணுடன் நெருக்கமாக இருந்தார். கட்சித் தலைமைமீது பைம்லருக்குக் கசப்பு இருந்தது, அதனால் சோவியத் ரகசியப் போலீஸ் அவரைத் தீர்த்துக் கட்டியது என்று ஆன்டோனியா உறுதியாக நம்பினார், தானே விசாரித்து நீளமாக எழுதியும் வைத்தார். பிழைத்த ஷ்டைமர்மேல் சந்தேகம் விழுந்ததற்குக் காரணம் உண்டு. பின்னால் அவர் கிழக்கு ஜெர்மனியில் பெரிய அதிகாரியானார், ஜனாதிபதி வில்ஹெல்ம் பீக்கின் மருமகனும் ஆனார்.

ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. கொலை என்று காட்டும் ஆவணம் எதுவும் வெளியே வரவில்லை. அந்த வளாகத்தில் இரண்டு தரப்பும் நூறு மீட்டர் இடைவெளியில் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தன என்பதையும் கணக்கில் எடுங்கள். அராஜகவாதத் தலைவர் துருத்தி சுடப்பட்டது இதே பகுதியில், நவம்பர் 19 அன்று. மறுநாள் இறந்தார். அவரையும் பார்சிலோனாவுக்குக் கொண்டுபோய் அதே மொன்யுயிக்கில்தான் அடக்கம் செய்தார்கள், அவர் சாவைப் பற்றியும் இதே மாதிரி நாலு கதை உண்டு. எதிரியின் குண்டு என்பதுதான் எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. அதற்காக ஆன்டோனியாவைப் பைத்தியம் என்று தள்ளவும் மாட்டேன். ஸ்பெயினில் சோவியத் போலீஸ் ஆட்களைக் கடத்தியதும் கொன்றதும் நடந்திருக்கிறது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் பைம்லரே ஸ்டாலினிஸ்ட்தானே? அவரைப் போய்ப் பெரிய ஆளாகப் பேசுகிறீர்களே?

கட்சி அதிகாரியாக இருந்தார், கட்சி சொன்னதைச் சொன்னார். 1933 வரை ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி சமூக ஜனநாயகக் கட்சியை ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று திட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் கைகோத்திருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்கலாமா என்பது தனி விவாதம். கோக்காததற்குப் பொறுப்பு இரண்டு பக்கமும் உண்டு, கம்யூனிஸ்ட் பக்கத்துப் பொறுப்பில் பைம்லருக்கும் ஒரு பங்கு உண்டு. சர்க்கஸ் குரோனே சவால்கூட அந்தக் காலத்து வீறாப்புத்தான். கையில் படை இல்லாமல் விட்ட சவால்.

ஆனால் அவர் செத்தது 1936 டிசம்பரில். 1937 மே மாதம் பார்சிலோனா தெருக்களில் கம்யூனிஸ்டுகளும் அராஜகவாதிகளும் போயும் (POUM) என்ற ஸ்டாலின் எதிர்ப்பு மார்க்சியக் கட்சியினரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. மாஸ்கோவில் சொந்த மகனே கைதானதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று இருதரப்பும் அடித்துச் சொல்கின்றன. அது அவரவர் ஆசை.

அவரைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறதே, அது சவ ஊர்வலப் பாட்டு மாதிரி இருக்கிறதே?

ஜெர்மன் பாடகர் எர்ன்ஸ்ட் புஷ் பாடியது. மெட்டு புதிதல்ல. விழுந்த தோழனுக்காக ஜெர்மன் சிப்பாய்கள் பாடும் பழைய இரங்கல் பாட்டின் மெட்டு, ஃபிரீட்ரிஷ் ஸில்ஹர் அமைத்தது. ஜெர்மன் ராணுவத்தின் இறுதிச் சடங்குகளில் இன்றும் அதை வாசிக்கிறார்கள். எதிரியும் பாடுகிற மெட்டிலேயே எதிரியைப் பற்றிப் பாடியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். அவரைக் கொன்ற குண்டு சொந்த ஊரிலிருந்து, ஜெர்மன் துப்பாக்கியிலிருந்து வந்தது என்கிறது பாட்டு. அன்று அவரைச் சுட்டது எந்த ஊர்த் துப்பாக்கி என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பாட்டை வரலாற்றுச் சான்றாக நீட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மற்ற ஜெர்மன் தொண்டர்கள் என்ன ஆனார்கள்?

1938 செப்டம்பரில் குடியரசின் பிரதமர் நெக்ரின் வெளிநாட்டுத் தொண்டர்களைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். அக்டோபர் 28 அன்று பார்சிலோனாவில் பிரியாவிடை ஊர்வலம். பிரிட்டிஷ்காரர், அமெரிக்கர் வீடு திரும்பினார்கள். ஜெர்மானியர்களுக்குத் திரும்ப வீடு எங்கே? எல்லை தாண்டிய பல பேரைப் பிரான்ஸ் கடற்கரை மணலில் வேலி போட்டு அடைத்தது, பிறகு கூர்ஸ், லெ வெர்னே முகாம்கள். 1940இல் பிரான்ஸ் விழுந்ததும் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பட்டியலோடு வந்தது. கிடைத்தவர்கள் ஜெர்மன் வதைமுகாம்களுக்குப் போனார்கள். டாஹவுக்கும்தான்.

பிழைத்தவர்களுக்கு எந்த ஜெர்மனி என்பதைப் பொறுத்து விதி மாறியது. கிழக்கில் எரிஷ் மீல்கே ரகசியப் போலீஸ் அமைச்சர் ஆனார், ஹைன்ஸ் ஹாஃப்மன் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். மேற்கில் காண்டார் லீஜியனில் குண்டு போட்டவர்களின் சேவை ஓய்வூதியத்துக்குக் கணக்கானது. குடியரசுக்காகச் சண்டையிட்டவர்கள் நீண்ட காலம் அலைந்தார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் அவர் பெயரில் பள்ளிப் போட்டியெல்லாம் நடந்ததாமே?

நடந்தது. உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டம், எறிதல், துப்பாக்கி சுடுதல் என்று ராணுவப் பயிற்சிச் சாயலில் பைம்லர் போட்டிகள். ஹென்னிக்ஸ்டார்ஃப் ரயில் எஞ்சின் தொழிற்சாலைக்கும் அவர் பெயர். எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு அது ஒன்றுதான் பொருத்தமாக அமைந்தது. ஸ்பெயின் போராளிகளுக்கு அவர் பெயரில் பதக்கமும் கொடுத்தார்கள். பெர்லினின் நடுவே இருந்த ஹான்ஸ் பைம்லர் தெருவை 1995இல் ஓட்டோ பிரவுன் தெரு என்று மாற்றினார்கள். ஓட்டோ பிரவுன் பிரஷ்யாவின் சமூக ஜனநாயகப் பிரதமர், அதாவது பைம்லரின் கட்சி திட்டித் தீர்த்த ஆள்.

இந்தியாவிலிருந்து யாராவது ஸ்பெயினுக்குப் போனார்களா?

விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் போனார்கள். நாக்பூர்க்காரரான கோபால் முகுந்த் ஹுத்தார், ஜான் ஸ்மித் என்ற பெயரில் பிரிட்டிஷ் பட்டாலியனில் சேர்ந்து ஃபிராங்கோ படையிடம் சிறைப்பட்டார். ஆரம்பகால ஆர்எஸ்எஸ்காரராக இருந்து கம்யூனிஸ்ட் பக்கம் போனவர் அவர். 1938 ஜூனில் நேருவும் வி. கே. கிருஷ்ண மேனனும் பார்சிலோனா போய்ப் பார்த்தார்கள்.

பார்சிலோனா போனால் கல்லறையைப் பார்க்கலாமா? டாஹவில் அவர் இருந்த அறை இருக்கிறதா?

மொன்யுயிக் கல்லறை மலைச்சரிவில் பரந்து கிடக்கிறது. ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாது. நேராக ஃபொஸார் தெ லா பெத்ரேரா என்ற பழைய கல்குவாரிப் பகுதியைக் கேட்டுப் போங்கள். ஃபிராங்கோ ஆட்சி சுட்டுக் கொன்றவர்களைக் கொட்டிய இடம். கத்தலோனியத் தலைவர் கம்பானிஸின் கல்லறையும் அங்கேதான்.

டாஹவுக்கு மியூனிக்கிலிருந்து எஸ்2 ரயில், இறங்கியதும் பஸ். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே நீங்கள் பார்க்கும் சிறைக் கட்டடத்தில் பைம்லர் இருந்ததில்லை. அந்த முகாம் 1937, 38இல் கைதிகளை வைத்தே புதிதாகக் கட்டியது. 1933இல் இருந்தது பக்கத்துத் தொழிற்சாலைக் கட்டடங்களில். வழிகாட்டியோடு வரும் சிலர் “இதோ இந்த ஜன்னல்தான்” என்று காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அந்த ஜன்னல் இல்லை.